மானேஜர் எப்படி? முகம் தெரியாத ஆயிரம் பேர் சொல்லும் சாட்சி!

"உங்கள் மானேஜர் எப்படிப்பட்டவர்?"

உங்கள் ஆபீசுக்கே ஒருவர் வந்து இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானேஜர் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே அவர் தலை தெரிகிறது. என்ன பதில் சொல்வீர்கள்?

"தங்கமான மனுஷர், சார்!"

வேறு என்ன சொல்ல முடியும்? மாதச் சம்பளம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. ஆனால் அதே கேள்வியை ராத்திரி ரயிலில் ஒருவர் கேட்டால்? எதிர் பலகையில் உட்கார்ந்திருப்பவர்; காலையில் இறங்கிப் போய்விடுவார்; இனி ஒருநாளும் அவரைப் பார்க்கப் போவதில்லை. அவரிடம் விடிய விடியப் பேசுவீர்கள்! மானேஜர் லீவு தர மறுத்தது, யாரோ செய்த தப்புக்கு உங்களைத் திட்டியது எல்லாமே வெளியே வந்துவிடும்.

ஆபீசில் கேட்டால் ஒரு பதில். ரயிலில் கேட்டால் வேறொரு பதில். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் படித்த பண்டிதர்கள் பலர் இன்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பாங்கி, ஜவுளிக்கடை என்று நாலு பேர் சேர்ந்து வேலை செய்கிற இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது, ஏன் ஒரு இடத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது, இன்னொரு இடத்தில் ஏன் எப்போதும் சண்டை என்று ஆராய்வதே இவர்களுடைய தொழில். உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு உண்டு.

ஆனால் அவர்கள் படுகிற பாடு கொஞ்ச நஞ்சமல்ல. ஒரு கம்பெனிக்குள் போக வேண்டுமானால் முதலாளியின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்துவிட்டால், "இவன் முதலாளி அனுப்பிய ஆள்" என்று தொழிலாளி நினைத்துக்கொள்கிறான். வாயைத் திறப்பதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒழுங்காக நடக்கிற கம்பெனிதான் தைரியமாகக் கதவைத் திறந்துவிடும். சீர்கெட்ட கம்பெனி திறக்குமா? ஆகவே ஆராய வேண்டிய இடம் எதுவோ, அதுவே பூட்டிக் கிடக்கும்!

இதற்கு மாற்றாக, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு புது வழி வேகமாகப் பரவியது. கம்பெனிக்குள் போகவே வேண்டாம். பல ஊர்களில் சிதறிக் கிடக்கிற, பல இடங்களில் வேலை பார்க்கிற ஆட்களை இன்டர்நெட் வழியாகப் பிடித்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்துக் கேட்டுவிடுவது! இதற்குக் 'கிரௌட் சோர்சிங்' என்று பெயர். கிரௌட் என்றால் கூட்டம். ஒரு வேலையைத் துண்டு துண்டாக்கி, முகம் தெரியாத பெருங்கூட்டத்திடம் விட்டுவிடுவது என்று அர்த்தம். ஜெப் ஹௌ என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 2006-ஆம் ஆண்டு இந்தப் பெயரைப் பிரபலப்படுத்தினார்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதா என்று கேட்பீர்கள். புதிதல்லதான். ஆனால் தேர் இழுக்கிறவன் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்கிறான். இங்கே வடம் பிடிக்கிற யாருக்கும் அடுத்தவன் யார் என்று தெரியாது. அதிலேதான் இந்த வழியின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

விளக்கும் ஐந்து பெண்களும்!

புது வழியின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய வழியை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டி ஹாதார்ன் என்ற பிரம்மாண்டமான தொழிற்சாலை இருந்தது. டெலிபோன் சாமான்கள் செய்கிற வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமானது. 1924-ஆம் ஆண்டு அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். விளக்கு வெளிச்சம் கூடினால் வேலையும் கூடுமா? வெளிச்சத்தைக் கூட்டினார்கள், வேலை கூடியது. சரி என்று குறைத்துப் பார்த்தார்கள். சில சோதனைகளில் அப்போதும் வேலை குறையவில்லை! ஆராய்ச்சிக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

1927-ல் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். டெலிபோனுக்கு வேண்டிய 'ரிலே' என்ற சின்னக் கருவியைப் பூட்டுவது அவர்கள் வேலை. சாமான் எடுத்துக் கொடுக்க ஆறாவதாக ஒரு பெண். பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் குறித்துக்கொண்டார். நடுவில் ஓய்வு கொடுத்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்தார்கள். திரும்பக் கூட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் இப்படியே நடந்தது. உற்பத்தி ஏறிக்கொண்டே போயிற்று. "நம்மை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தாலே மனிதன் வேறு மாதிரி நடந்துகொள்வான்" என்று இதிலிருந்து பாடம் எடுத்தார்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் பழைய கணக்குகளைக் கிளறிப் பார்த்து, விஷயம் அவ்வளவு நேரானதல்ல என்றார்கள். "அதிகம் பேசுகிறார்கள்" என்று ஐந்து பேரில் இருவரை நடுவிலேயே மாற்றிவிட்டார்களாம்! கதையைச் சொல்கிற பலர் இந்தச் சங்கதியைச் சொல்வதில்லை.

பிறகு 1928 முதல் 1930 வரை, அதே தொழிற்சாலையில் 21,000 தொழிலாளர்களைத் தனித்தனியே உட்கார வைத்துப் பேசினார்கள். முதலில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கேட்டார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டு வீட்டுக் கதையையும் மேஸ்திரி கதையையும் பேசினார்கள். கடைசியில், "நீங்களே பேசுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்" என்று விட்டுவிட்டார்கள். அரை மணிப் பேச்சு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

எவ்வளவு ஆட்கள்! எவ்வளவு நாட்கள்! எவ்வளவு செலவு! அத்தனையும் ஒரே ஒரு கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ள.

பெட்டிக்குள்ளே மனிதன்!

இப்போது வியன்னா நகரத்து அரண்மனைக்குப் போவோம். புது வழிக்குப் பயன்பட்ட சந்தையின் பெயர் அங்கிருந்துதான் வருகிறது.

1770-ஆம் ஆண்டு. மகாராணி மரியா தெரசாவின் சபை. கெம்பலன் என்ற பிரபு ஒரு விசித்திர யந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரிய மரப்பெட்டி. அதன்மேல் சதுரங்கப் பலகை. பின்னால் துருக்கியர் வேஷம் போட்ட ஒரு மரப்பொம்மை. பெட்டிக் கதவைத் திறந்து காட்டினால் உள்ளே பல்சக்கரங்கள்தான் தெரிந்தன. சாவி கொடுத்தவுடன் பொம்மை கையை நீட்டிக் காயை நகர்த்தியது. சபையிலிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றார்கள்! பின்னாளில், 1809-ல், மாவீரன் நெப்போலியனே அதனோடு ஆடிப் பார்த்தார்.

ரகசியம் என்ன? பெட்டிக்குள்ளே ஒரு மனிதன் ஒளிந்திருந்தான்! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு பொம்மையின் கையை ஆட்டிவைத்தான். 1854-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அந்த யந்திரம் தீயில் வெந்து போயிற்று.

அதன் பெயர் மட்டும் சாகவில்லை. 2005-ஆம் ஆண்டு அமேஸான் கம்பெனி 'மெக்கானிக்கல் டர்க்' என்று ஒரு வேலைச் சந்தையைத் தொடங்கியது. யந்திரத் துருக்கியன் என்று அர்த்தம். அமேஸான் பொருள் விற்கிற கம்பெனி. அதன் பட்டியலில் ஒரே சாமானுக்கு இரண்டு மூன்று பக்கங்கள் இருந்துவிடும். இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்பது கம்ப்யூட்டருக்குப் பிடிபடவில்லை. மனிதன் பார்த்தால் நொடியில் சொல்லிவிடுவான். ஆகவே அந்த வேலையை ஜனங்களிடமே விடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதையே மற்றவர்களுக்கும் சந்தையாகத் திறந்துவிட்டார்கள்.

சந்தை நடக்கிற விதம் இதுதான். வேலை கொடுக்கிறவர் சின்னச் சின்ன வேலைகளைப் பட்டியலில் போடுவார். "இந்தப் படத்தில் நாய் இருக்கிறதா? கூலி 2 செண்ட்." "இந்த ரசீதில் உள்ள எண்களை எழுதிக் கொடு. 5 செண்ட்." நூறு செண்ட் சேர்ந்தால் ஒரு டாலர். வீட்டிலே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறவர் வேண்டியதை எடுத்துச் செய்வார். வேலை பிடித்திருந்தால் கூலி வரும். வேலை செய்தவர் பெயர் கொடுத்தவருக்குத் தெரியாது. வெறும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு அடையாளம்தான் தெரியும்.

இந்தச் சந்தையில் யார் யார் இருந்தார்கள்? 2010-ல் வெளியான ஒரு கணக்குப்படி நூற்றுக்கு 47 பேர் அமெரிக்கர். நூற்றுக்கு 34 பேர் யார் தெரியுமா? நம் இந்தியர்! அவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிய இளைஞர்கள்.

பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சந்தையைப் பார்த்தார்கள். "அட! நாம் தேடிக்கொண்டிருந்த ரயில் பிரயாணிகள் அல்லவா இவர்கள்!" என்று தோன்றிற்று. பகலில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ், கடையில் நிற்கும் விற்பனைக்காரர், பாங்கி குமாஸ்தா என்று எல்லாரும் இங்கே வருகிறார்கள். மேலதிகாரி பக்கத்தில் இல்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை. "உங்கள் அதிகாரி எல்லார் முன்னாலும் உங்களை அவமானப்படுத்தியதுண்டா? எத்தனை தரம்?" என்று கேட்டால் பயமில்லாமல் குறியிடுவார்கள். ஒரு கம்பெனியில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து வாங்குகிற பதில்கள் இங்கே ஒரு நாளில் நூற்றுக்கணக்காக வந்து குவிந்தன.

குப்பைக்குப் போகும் வேலை!

கேள்வி கேட்பது மட்டுமல்ல, சோதனையும் நடத்தலாம். சாண்ட்லர், கேபல்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2013-ல் வெளிவந்தது. சுமார் 2,500 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் அமெரிக்கரும் இந்தியரும்.

வேலை என்னவென்றால், நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பார்த்து அதிலுள்ள புள்ளி போன்ற உருவங்களைக் குறிக்க வேண்டும். கூலி விகிதம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆட்களை அவர்களுக்குத் தெரியாமலே மூன்று கூட்டமாகப் பிரித்துவிட்டார்கள்.

முதல் கூட்டத்திடம், "இவை புற்றுநோய்க் கட்டியின் அணுக்கள். நீங்கள் குறிப்பது வைத்திய ஆராய்ச்சிக்கு உதவும்" என்று சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்திடம் வேலையின் நோக்கத்தைச் சொல்லவே இல்லை. மூன்றாவது கூட்டத்திடம், "நீங்கள் குறிப்பதை நாங்கள் எடுத்து வைக்கப் போவதில்லை; அழித்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள்!

என்ன நடந்தது? புற்றுநோய் ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டவர்கள் அதிகம் பேர் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். அதிகம் படங்களையும் பார்த்துக் கொடுத்தார்கள். குப்பைக்குப் போகும் என்று தெரிந்தவர்களோ, எண்ணிக்கையில் குறைக்கவில்லை. ஆனால் வேலையின் தரம் இறங்கிவிட்டது. கூலி கிடைக்கிறதே என்று ஏனோதானோவென்று குறித்துத் தள்ளினார்கள்.

"எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்தால் வேலை நன்றாக நடக்கும்" என்று நம் பாட்டிகூடச் சொல்லுவாள். அதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ஆனால் பாட்டி சொன்னதில் எது உண்மை, எவ்வளவு உண்மை என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நோக்கம் தெரிந்ததால் வேலை கூடியது, தரம் கூடவில்லை. வீண் வேலை என்று தெரிந்ததால் தரம் இறங்கியது, அளவு இறங்கவில்லை. இந்த நுணுக்கத்தைப் பாட்டி சொல்லவில்லை!

இதையே ஒரு கம்பெனிக்குள் செய்து பார்க்க முடியுமா? ஒரு மேஜைக்காரரிடம் "இது உயிர் காக்கும் வேலை" என்றும், அடுத்த மேஜைக்காரரிடம் "இது குப்பைக்குப் போகிறது" என்றும் சொன்னால், மத்தியானச் சாப்பாட்டு வேளையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். முகம் தெரியாத கூட்டத்தில் அந்த ஆபத்து குறைவு.

செத்த பிறகு பதில் எழுதியவர்!

சரி, காசுக்காகப் பதில் சொல்கிறவன் உண்மை சொல்கிறான் என்று எப்படி நம்புவது? கேள்வியைப் படிக்காமலே குறியிட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனால்?

அதற்கும் பொறி வைத்தார்கள். உண்மையான கேள்விகளுக்கு நடுவில் ஒரு கேள்வியைச் செருகுவது. அதிலே பேர்போன கேள்வி ஒன்று: "டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உயிர் போகும்படியான மாரடைப்பு உங்களுக்கு வந்ததுண்டா?" கீழே பதில்கள், 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'அடிக்கடி' என்பது வரை. 'அடிக்கடி' என்று குறியிட்டவர் எமலோகத்திலிருந்துதான் எழுதியிருக்க வேண்டும்! அவருடைய தாளை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

ஆனால் பொறி வைக்கிறவனுக்கு ஒரு புத்தி என்றால் எலிக்கு இரண்டு புத்தி. 2018-ஆம் ஆண்டு கோடையில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒரே பரபரப்பு. வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்ததாக நினைத்த பதில்கள் பல, ஒரே இருப்பிடத்தைக் காட்டின. விவரமாக எழுதச் சொன்ன இடத்தில் 'நன்று', 'நல்லது' என்று சம்பந்தமில்லாத ஒற்றைச் சொற்கள். அமெரிக்கர்களிடம் மட்டும் கேட்ட கேள்விகளுக்கு, வேறு தேசங்களில் இருப்பவர்கள் தங்கள் இருப்பிடத்தை மறைத்துக்கொண்டு பதில் எழுதியிருந்தார்கள்.

2023-ல் இன்னொரு அதிர்ச்சி. சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சந்தையில் 44 பேரிடம் வைத்தியக் கட்டுரைகளைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். வந்த சுருக்கங்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 33 முதல் 46 வரை மனிதன் எழுதியவை அல்ல, கம்ப்யூட்டர் உதவியோடு எழுதியவை என்று மதிப்பிட்டார்கள். வியன்னாவில் யந்திரத்துக்குள்ளே மனிதன் ஒளிந்திருந்தான். இங்கே மனிதனுக்குப் பின்னால் யந்திரம் ஒளிந்துகொண்டது!

பொய் மானேஜர்கள்!

இன்னொரு தொல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். குழந்தைகளும் கூட உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.

மானேஜர்களைப் பற்றி ஆராய ஒருவர் விரும்புகிறார். "நீங்கள் மானேஜர் உத்தியோகம் பார்ப்பவரா? ஆம் என்றால் உள்ளே வாருங்கள், கூலி உண்டு" என்று போட்டுவிடுகிறார். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அவர்களில் உண்மையான மானேஜர் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். மற்ற 980 பேரில் பெரும்பாலோர் யோக்கியர்கள். நூற்றுக்கு 5 பேர்தான் பொய் சொல்கிறார்கள். 980-ல் நூற்றுக்கு 5 என்றால் 49 பேர். உள்ளே வந்தவர்கள் மொத்தம் 69. அதில் பொய் மானேஜர்கள் 49!

ஊர் முழுக்க யோக்கியர்கள். ஆனால் சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் போலிகள். இந்த எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. ஆனால் இப்படித்தான் நடக்கிறது என்பதை மெக்கானிக்கல் டர்க் ஆட்களை வைத்தே செய்த ஓர் ஆராய்ச்சி 2017-ல் எடுத்துக் காட்டியது.

பரிகாரம் சுலபம். என்ன தேடுகிறோம் என்று சொல்லாமலே முதலில் கேட்டுவிட வேண்டும். வயது, ஊர், உத்தியோகம், பொழுதுபோக்கு என்று பத்துக் கேள்விகள். எல்லாருக்கும் அதற்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். பொய் சொல்லி லாபமில்லை என்னும்போது யாரும் பொய் சொல்வதில்லை. சில நாள் கழித்து, மானேஜர் என்று சொன்னவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட வேண்டும். செலவு கூடும். ஆனால் பத்து செண்டுக்கு ஆசைப்பட்டு எழுதிய பொய்யை வைத்துக்கொண்டு புத்தகம் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் எடுத்த சோறு எந்தப் பானையிலிருந்து வந்தது? இந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டர் பழகியவர்கள். பெரும்பாலும் இளவயதினர். உபரி வருமானம் தேவைப்படுகிறவர்கள். சித்தாள் வேலை செய்கிற பெண்மணியோ, பெரிய கம்பெனியின் தலைவரோ இங்கே வந்து 10 செண்டுக்குக் குறியிடப் போவதில்லை. ஆகவே இவர்கள் சொன்னதை எல்லாத் தொழிலாளர்களும் சொன்னதாக எழுதிவிட்டால் அது தவறு.

தவிர, சில விஷயங்கள் கேள்வித்தாளில் ஏறவே ஏறா. ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931-ல் 14 ஆண்கள் வேலை செய்த அறை ஒன்றை ஒருவர் கூடவே உட்கார்ந்து கவனித்தார். அங்கே யாராவது ஒருவன் மற்றவர்களைவிட வேகமாக வேலை செய்தால், பக்கத்திலிருப்பவன் வந்து அவன் மேல்கையில் ஒரு குத்து விடுவானாம்! "எங்களைக் காட்டிக் கொடுக்காதே, கொஞ்சம் மெதுவாகச் செய்" என்று அர்த்தம். எந்தக் கம்பெனிச் சட்டத்திலும் எழுதாத சட்டம் இது. "உங்கள் அறையில் குத்து விடுவார்கள்" என்று முன்கூட்டியே தெரியாதவன் அதைப் பற்றி எப்படிக் கேள்வி தயாரிப்பான்? கூட்டத்திடம் கேட்கலாம், ஆனால் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமானால், யாராவது ஒருவர் போய் அந்த அறையில் உட்காரத்தான் வேண்டும்.

கூட்டம் திரும்பிக் கேட்டது!

தொழிலாளிக்கு நியாயம் கிடைக்கிறதா என்று ஆராய்கிறவர், தம் கேள்விக்குப் பதில் சொல்கிற தொழிலாளிக்கு என்ன கூலி கொடுக்கிறார்?

2018-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி, இந்தச் சந்தையில் 2,676 பேர் செய்த 38 லட்சம் சிறு வேலைகளைக் கணக்கெடுத்தது. வேலை தேடி அலைகிற நேரம், செய்தும் கூலி வராமல் போன நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நடுத்தர ஆளுக்கு மணிக்குச் சுமார் 2 டாலர்தான் கிடைத்தது. அமெரிக்கச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 செண்ட். அதற்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு 4 பேரே!

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. செய்து கொடுத்த வேலையை, "பிடிக்கவில்லை" என்று கொடுத்தவர் தள்ளிவிடலாம். கூலி கிடையாது. ஆனால் செய்த வேலை அவர் கையிலேயே இருக்கும். எண்ணிக்கை அதிகமாகத் தள்ளப்பட்டவருக்கு அடுத்த வேலை கிடைப்பதும் கஷ்டம். முறையிட்டாலும் பல நேரம் பதில் வராது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லில்லி இரானி என்ற பெண்ணுக்கு இது உறுத்தியது. 2008-ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு காரியம் செய்தார். அந்தச் சந்தையிலேயே ஒரு வேலை போட்டார். "உங்களுக்கு என்னென்ன உரிமை வேண்டும்? எழுதிக் கொடுங்கள்" என்பதுதான் வேலை! 67 பேர் எழுதினார்கள். காரணமில்லாமல் கூலி மறுக்கப்படுவதைப் பற்றியும், வராத பதில்களைப் பற்றியும், போதாத சம்பளத்தைப் பற்றியும் மனம் விட்டு எழுதியிருந்தார்கள்.

அதை வைத்துக்கொண்டு அவரும் சில்பர்மேன் என்ற நண்பரும் 'டர்காப்டிகான்' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதில் தொழிலாளர்கள், வேலை கொடுக்கிறவர்களுக்கு மார்க் போடலாம். கேட்டால் பதில் சொல்கிறாரா? தாராளமாகக் கொடுக்கிறாரா? நியாயமாக நடக்கிறாரா? உடனே பணம் தருகிறாரா? இப்படி நான்கு பாடங்களில் மார்க்! ஒருவர் ஏமாந்தால் அதைப் படித்துவிட்டு ஆயிரம் பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். கூட்டத்தை வைத்துக் கம்பெனிகளை ஆராய வந்தவர்களுக்கும் அங்கே மார்க் விழுந்தது. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சிலர் நல்ல மார்க் வாங்கவில்லை!

ஒருவரையொருவர் பார்த்திராத அந்தத் தொழிலாளர்கள் 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்களுக்குள் கலந்து பேசி, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கென்று விதிமுறைகள் எழுதினார்கள். நீங்கள் யார், எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லுங்கள். வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உண்மையைச் சொல்லுங்கள். நேரத்துக்குத் தகுந்த கூலி கொடுங்கள். காரணமில்லாமல் வேலையைத் தள்ளாதீர்கள். கூலியை இழுத்தடிக்காதீர்கள்.

ஆராய்ச்சியாளர்கள் பலர் அதைப் படித்துவிட்டு, "ஒப்புக்கொள்கிறோம்" என்று கீழே தங்கள் பெயர்களை எழுதிக் கையெழுத்திட்டார்கள்.